மூடினால் ரேடான், திறந்தால் கசிவு

குழந்தைகளே, முதலில் ஒரு விடுகதை. திறந்தாலும் குற்றம், மூடினாலும் குற்றம். அது என்ன?

வாய் என்று சொன்னவர்கள் வீட்டில் அதிகம் திட்டு வாங்குகிறவர்கள். ஃப்ரிட்ஜ் என்று சொன்னவர்கள் யாரும் பார்க்காதபோது இனிப்பு தின்கிறவர்கள். இரண்டும் தப்பு. சரியான விடை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னாலுள்ள காலனியின் அங்கன்வாடிக் கதவு.

அந்தக் கதவு பல வருஷங்களாக ஒரு குற்றமும் செய்யாமல்தான் இருந்தது. காலையில் சாராள் டீச்சர் திறப்பாள், மாலையில் மூடுவாள். அப்படி இருக்கும்போது திருவள்ளூரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் குழந்தைகள் இருக்கும் எந்தக் கட்டடத்துக்கும் இரண்டு சான்றிதழ் வேண்டும். காற்று கசியவில்லை என்று ஒன்று. ரேடான் சேரவில்லை என்று ஒன்று. மாதக் கடைசிக்குள் இரண்டும் இல்லாவிட்டால் மையத்தை மூடி, குழந்தைகளை ஜி.என்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மையத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

சாராளுக்கு அந்த ரோட்டை நன்றாகத் தெரியும். அது கன்டெய்னர் லாரிகள் பறக்கும் ரோடு. அதைக் கடக்க நினைக்கும் நாய்கள்கூட ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு இந்தப் பக்கமே குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். டிரவுசரைத் தானாக மாட்டத் தெரியாத பிள்ளைகளை அதில் எப்படி நடத்திக் கூட்டிப்போவது?

முதலில் கசிவுப் பிரிவு அதிகாரி பூவராகவன் வந்தார். வாசலை ஒரு தார்ப்பாயால் அடைத்து, அதன் நடுவில் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தினார். அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். இடுக்குகள் வழியாக எவ்வளவு காற்று திரும்ப நுழைகிறது என்று ஒரு மீட்டர் காட்டும். இடுக்கு எங்கே என்று பார்க்க, ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னலைச் சுற்றிக் காட்டினார். புகை வளைந்தால் அங்கே ஓட்டை.

பக்கத்து இரும்பு மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்துகொண்டிருந்த தேசப்பன் இதைப் பார்த்தான். அவனுடைய மகள் மோனிகா அந்த மையத்தில்தான் படிக்கிறாள். கட்டடத்துக்குப் பூஜை போடுகிறார்கள், நம் பங்குக்கு ஒன்றும் செய்யாவிட்டால் நன்றாக இராது என்று வீட்டுக்கு ஓடி, ஒரு தேங்காய் கொண்டுவந்து வாசற்படியில் ஓங்கி உடைத்தான். படியில் விழுந்த விரிசலையும் பூவராகவன் கசிவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

"காத்து உள்ள வந்தா இன்னா சார் தப்பு?" என்று கேட்டாள் சாராள்.

"ஏ.சி. குளிர்ச்சி எல்லாம் வெளியே போயிடும்மா."

"இங்க ஏ.சி.யே இல்லியே சார்."

"இருந்திருந்தா எவ்வளவு போயிருக்கும்? யோசிச்சுப் பாருங்க."

சாராள் யோசித்துப் பார்த்தாள். நஷ்டம் பெரிதாகத்தான் தெரிந்தது.

காலனியே திரண்டு வந்து அடைத்தது. ஜன்னல் ஓரத்தில் டேப், சுவரில் பட்டி, கதவுக்கடியில் ரப்பர். கூரையில் மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டை இருந்ததால், பூவராகவன் சொன்னபடி விசிறியைக் கழற்றிவிட்டு அதையும் பூசினார்கள். அறை இட்லிப்பானை ஆயிற்று. பூவராகவன் மனம் மகிழ்ந்து சான்றிதழ் கொடுத்தார்.

அடுத்து வந்தவர் நிலவாயுப் பிரிவு வசந்தகுமார். இருவரும் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் நாற்காலி; ஆனால் கடிதம் மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள். ரேடான் என்பது மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வரும் வாயு, நிறமும் மணமும் கிடையாது, மூடிய அறையில் சேரும், வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு என்று அவர் பொறுமையாக விளக்கினார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பிறகு ஒரு சின்னப் பெட்டியை அறையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பெட்டியில் எண் எகிறியிருந்தது.

"ஜன்னலைத் திறந்து வைங்க டீச்சர்."

டேப்பைப் பிய்த்துத் திறந்தாள். எண் இறங்கியது. அவரும் சான்றிதழ் கொடுத்தார். திறந்த ஜன்னலைப் பார்க்க வந்த பூவராகவன், வாய்மொழி உத்தரவு செல்லாது என்று சொல்லித் தன் சான்றிதழைக் கிழித்தார். சாராள் மூடினாள், வசந்தகுமார் கிழித்தார். ஜன்னலைத் திறந்தால் மில் கரி வந்து பிள்ளைகளின் சோற்றில் விழுகிறதே என்று அவள் இருவரிடமும் முறையிட்டாள். சுவருக்கு வெளியே இருக்கும் காற்று வேறு துறை என்று இருவரும் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

மாதக் கடைசி நாள் கூட்டு ஆய்வு. பூவராகவன் மீட்டரோடும் வசந்தகுமார் பெட்டியோடும் அறைக்குள் உட்கார்ந்தார்கள். ஜன்னல்களை வெளியிலிருந்து மறுபடி ஒட்டியாயிற்று; கதவின் கடைசி இடுக்கையும் வெளியிலிருந்துதான் ஒட்ட முடியும். அந்தப் பொறுப்பு சாராளுக்கு. அவள் ஜி.என்.டி. ரோட்டை நினைத்துக்கொண்டு டேப்பின் மேல் டேப்பாக ஒட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். காலனி சுற்றி நின்று கேட்டது.

"டீச்சர், கதவைத் திறங்க. ரேடான் ஏறிக்கிட்டே இருக்கு" என்றார் வசந்தகுமார்.

"திறக்காதீங்க. திறந்தா கசிவு" என்றார் பூவராகவன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவரைப்போல.

"வருஷக்கணக்குல சுவாசிச்சாத்தான் கெடுதின்னு நீங்கதான சார் சொன்னீங்க. இன்னும் டைம் கீது சார்" என்று வசந்தகுமாருக்கு ஆறுதல் சொன்னாள் சாராள். வாய்மொழி உத்தரவு செல்லாது என்று பூவராகவன் முன்பு சொன்னதையும் பணிவாக நினைவூட்டினாள்.

வசந்தகுமார் உத்தரவை எழுதிக் கதவுக்கடியில் தள்ளப் பார்த்தார். தாள் மடங்கிச் சுருண்டது.

"பாத்தீங்களா, ஒரு பேப்பர்கூட போகல. இதுதான் தரம்" என்று பூவராகவன் பூரித்தார். சற்றுப் பொறுத்து அவரே, "டீச்சர், ஃபேன் எங்கே?" என்றார்.

"நீங்க சொல்லித்தான சார் கழட்டினோம்."

போனில் இருவரும் காகிதத்தால் விசிறிக்கொள்ளும் சத்தம் கேட்டது. இந்த அறைக்கு இரண்டு சான்றிதழும் ஒரு நாளும் சேர்ந்து வராது என்பது சாராளுக்கு அப்போதுதான் விளங்கியது. குரலைத் தாழ்த்தி, "சார், புள்ளைங்க ரோடு தாண்ட வேணாம்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, ஜன்னல் கண்ணாடில வெச்சுக் காட்டுங்க. நான் தொறக்கறேன்" என்றாள்.

உள்ளே முணுமுணுப்பு எழுந்தது. பிள்ளைகள் உள்ளே உட்கார வேண்டும் என்று எழுதச் சொன்னார் ஒருவர். வெளியே என்று எழுதச் சொன்னார் மற்றவர். பல வருஷத்துக்குப் பிறகு அவர்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் வியர்வையில் நனைந்த ஒரு தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"மேற்படி மையம் சாலையைக் கடந்து மாற்றப்பட மாட்டாது. உள்ளே, வெளியே என்பது குறித்துப் பிரிவுகளிடையே ஒருமித்த கருத்து எட்டப்படாமையால், பயனாளி தாமே தேர்ந்தெடுக்கும் இடத்தில் மையம் நிரந்தரமாக இயங்கும். இவ்வுத்தரவு உடனடியாக அமலுக்கு வருகிறது. எக்காரணம் கொண்டும் மாற்றப்படலாகாது."

சாராள் படித்தாள், போனில் படம் எடுத்துக்கொண்டாள், டேப்பை ஒரே இழுப்பாக இழுத்தாள். அதிகாரிகள் இருவரும் ஆவி பறக்க வெளியே வந்தார்கள். காலனி கை தட்டியது.

உத்தரவு அமலுக்கு வந்துவிட்டபடியால் பயனாளி ஒருவரைக் கேட்டாக வேண்டும் என்றார் பூவராகவன். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பயனாளி, முட்டை தின்றுகொண்டிருந்த மோனிகா. சாராள் அவளை நடுவில் நிறுத்தினாள். பூவராகவன் ரகசியமாக அறையைக் காட்டினார். வசந்தகுமார் முற்றத்தைக் காட்டினார். தேசப்பன் இரண்டையும் மாறிமாறிக் காட்டினான்.

"நல்லா யோசிச்சு சொல்லு கண்ணு. இன்னிலேர்ந்து நாம எங்க குந்திக்கினு படிக்கலாம்?"

மோனிகா அறையைப் பார்த்தாள். கரி படிந்த முற்றத்தைப் பார்த்தாள். வாசலில் அலுவலக ஜீப் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி. போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மோனிகா ஜீப்பைத் தேர்ந்தெடுத்தாள்.