லோடிங்கின் இரண்டாவது திகதி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு வெப்சைட் செய்விக்க ஆள் தேடிப் போன நான், மாப்பிள்ளை பார்க்கப் போகிறவனைப் போலத்தான் போனேன். எந்த ஊர், ஆருடைய மகன், எந்தப் பள்ளிக்கூடம், குடிவெறி உண்டா, கோயில் குளத்துக்குப் போகிறவனா என்று ஐந்து பேரிடம் விசாரித்தேன். ஐந்து பேரும் திறமான பெடியன் என்றார்கள். நாற்பதைத் தாண்டியவனையும் எங்கள் பக்கத்தில் பெடியன் என்றுதான் சொல்வார்கள். நான் கேட்க மறந்தது ஒன்றுதான்: ஆளுக்கு வெப்சைட் செய்யத் தெரியுமா?

தெரியாது.

உலகத்தில் உள்ள வெப் டிசைனர்களிலேயே மிக மெதுவான ஆள் மருதனார்மடத்தில் இருந்தான் என்று எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். சந்தைக்குக் கிட்ட, டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு கொம்பியூட்டர், ஒரு மின்விசிறி, சுவரில் ஆஞ்சநேயர் படம். திரையில் எந்நேரமும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். "லோடாகுது அண்ணை, இருங்கோ" என்பான். நான் தேத்தண்ணி குடித்து, பேப்பரில் தலையங்கத்திலிருந்து காணி விற்பனை வரை வாசித்து முடித்தாலும் அது லோடாகிக்கொண்டே இருக்கும். ஊர் அவனுக்கு லோடிங் என்று பெயர் வைத்தது. அவனுடைய சொந்தப் பெயரை நான் முதன்முதலாக வாசித்தது அவனுடைய செத்தவீட்டு நோட்டீசில்தான்.

அவனுக்குச் சோறு போட்டது மரண அறிவித்தல். இங்கே ஒருவர் கண்ணை மூடினால் கனடாவில் இருக்கும் பிள்ளைகள் பார்ப்பதற்கு ஒரு பக்கம் வேண்டுமல்லவா? அதற்கென்று எங்கேயோ ஒரு டெம்பிளேட் வாங்கி வைத்திருந்தான். இடப்பக்கம் சுடர் ஆடுகிற குத்துவிளக்கு. வலப்பக்கம் படம். கீழே 'தோற்றம்', 'மறைவு' என்று இரண்டு பெட்டி. படத்தையும் எழுத்தையும் மாற்றத் தெரியும். அதற்கு மேல் ஆண்டவன் விட்ட வழி. ஆகவே அவன் கைபட்ட எல்லாமே செத்தவீடாகத்தான் வந்தது. ஒரு பேக்கரிக்குச் செய்தான்; பணிசுக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தது. ஒரு கலியாண மண்டபத்துக்குச் செய்தான். அடியில் கிடந்த 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்ற வரியை எடுக்க மறந்துபோனான். மண்டபக்காரர் அடிக்கிற கோலத்தில் படியேறி வந்தார். "லோடாகுது அண்ணை, இருங்கோ" என்று அவரையும் கதிரையில் இருத்தினான். அவருடைய கோபம் ஆறுமட்டும் லோடானது.

இதெல்லாம் எனக்குத் தெரியவரும்போது காலம் கடந்துவிட்டது.

வெப்சைட் எனக்கல்ல, கோப்பாயில் தனியே இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்காவுக்கு. அக்காவின் ஒரே மகன் கண்ணன் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். அக்கா ஏறி இறங்காத கந்தோர் இல்லை. கொடுக்காத மனு இல்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பழைய வீடு இப்ப இல்லை. போன் நம்பரும் மாறிப்போச்சு. நாலு இடம் இடம்பெயர்ந்து இஞ்சை வந்து கிடக்கிறன். அவன் வந்தா என்னை எங்கையெண்டு தேடுவான்? இப்ப எல்லாரும் போனிலை பேரை அடிச்சுத்தானே தேடுகினம்" என்றா. வாசிப்பவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அத்தனை புத்தகத்திலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பதில் இல்லாதபோது என்னைப் போன்றவர்கள் ஏதாவது ஒரு வேலையைப் பொறுப்பெடுப்பார்கள். அப்படித்தான் லோடிங்கைப் பிடித்தேன்.

ஒரு மாதம் கழித்து அவன் மோட்டார் சைக்கிளில் கோப்பாய்க்கு வந்து, கண்ணனின் படமும் அக்காவின் புது விலாசமும் போட்ட பக்கத்தை அக்காவின் போனில் திறந்து காட்டினான். அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா.

"இதென்னடா தம்பி, படத்துக்குப் பக்கத்திலை?"

"விளக்கு, அம்மா."

"ஆருக்கு விளக்கு? என்ரை பிள்ளைக்கு விளக்குக் கொளுத்தவோ உன்னைக் கூப்பிட்டனான்? எழும்படா! எழும்பி வெளியிலை போ!"

நான் எழும்பிவிட்டேன். லோடிங் எழும்பவில்லை. குனிந்த தலையோடு, "அம்மா, அதை நூர்க்க எனக்குத் தெரியாது. பழகிக்கொண்டு வாறன்" என்றான்.

மூன்று கிழமை பழகினான். விளக்கு மறைந்தது. எப்படி என்று விசாரித்தேன். "அதுக்கு மேலை ஒரு வெள்ளைப் பெட்டியை ஒட்டிப்போட்டன், அண்ணை. உள்ளுக்கை எரிஞ்சுகொண்டுதான் இருக்குது. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

அடுத்த கரைச்சல் இரண்டாவது திகதி.

"அண்ணை, உவன் திகதி கேக்கிறான்."

"ஆர்?"

"டெம்பிளேட். மறைவுத் திகதி போடாட்டில் பக்கத்தை வெளியிலை விடமாட்டானாம்."

"வெறுமையா விடன்."

"விடுறானில்லை. வருங்காலத் திகதி போட்டுப் பாத்தன், அதையும் ஏற்கிறானில்லை. செத்த ஆளைத்தான் கேக்கிறான்."

இரண்டு நாள் யோசித்தான். 'மறைவு' என்ற சொல்லை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'அம்மா பார்த்துக்கொண்டிருக்கும் நாள்' என்று எழுதி, அன்றைய திகதியைப் போட்டான். டெம்பிளேட் ஏற்றுக்கொண்டது. நாங்கள் இருவரும் பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பில் வடை சாப்பிட்டோம். மறுநாள் காலை அக்கா எனக்குப் போன் எடுத்தா.

"நேற்றையத் திகதியெல்லோ கிடக்குது? நேற்றோடை நான் பாக்கிறதை விட்டிட்டன் எண்டு அவன் நினைக்கமாட்டானே?"

லோடிங்குக்குச் சொன்னேன். மாற்றினான். அடுத்த நாளும் மாற்றினான். அப்படியே ஆறு வருடம் நாள் தவறாமல் மாற்றினான். மழையில் கரண்ட் போன நாளில் யாழ்ப்பாணம்வரை மோட்டார் சைக்கிளில் போய் மாற்றிவிட்டு வந்தான். தன் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு நடந்த அன்று விருந்தாளிகள் வாசலில் நிற்க, இவன் பட்டுவேட்டியோடு வளவின் பின்பக்கத்துக் கிணற்றுக்கட்டில் ஏறிச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தான். அக்கா காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு போனைத் திறந்து பார்ப்பா. திகதி புதிதாக இருந்தால் அன்றைய நாள் தொடங்கும்.

"இது தானா மாறுற மாதிரிச் செய்யேலாதோ?" என்று ஒருமுறை நக்கலாகக் கேட்டேன்.

"ஏலுமாம், அண்ணை. அதுக்குப் படிக்கவேணும்" என்றான். "லோடாகுது."

போன தை மாதத்தில் ஒருநாள் அக்கா போன் எடுத்தா. "தம்பி, இண்டைக்கு மாறேல்லை." நெற் இல்லையாக்கும் என்று சமாளித்தேன். மறுநாளும் மாறவில்லை. மருதனார்மடத்துக்குப் போனேன். அறைக்குப் போகும் படிக்கட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. லோடிங்கின் படம், பக்கத்தில் விளக்கு, கீழே இரண்டு திகதி. அவனுடைய டெம்பிளேட்டிலிருந்தே எடுத்திருந்தார்கள். அவனுக்கு இரண்டாவது பெட்டியில் ஒரு சிக்கலும் வரவில்லை.

வெள்ளைக்கொடி கட்டிய ஒழுங்கையால் அவன் வீட்டுக்கு நடந்தேன். பந்தலில் பிளாஸ்டிக் கதிரை தந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் அவனுடைய நல்ல குணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானோ பாஸ்வேர்டை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் முழுக்க அவன் பெயரில் கிடந்தது. நான் ஒரு துண்டுகூட எழுதி வாங்கவில்லை. வெப் டிசைனர் பிடிக்கப் போகிறவர்கள் குலம் கோத்திரத்தை விட்டுவிட்டு, நாளைக்கு நீ செத்தால் திறப்பு, அதுதான் பாஸ்வேர்ட், ஆரிடம் என்று கேளுங்கள். அதை அவன் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்று அவனுடைய மனுசியிடம் கேட்பது எவ்வளவு கேவலமென்று கேட்டவனுக்குத்தான் தெரியும்.

நான் கேட்டேன். அந்த மனுசி முகத்தைத் துடைத்தது.

"கோப்பாய் அம்மாவின்ரை பக்கமோ, அண்ணை? பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியிலை கிடந்தவர். காலமை ஊசி போட வரமுதல் போனைத் தா எண்டு கேட்டு வாங்கி மாத்திப்போடுவர். கடைசி நாள் விரல் அசையேல்லை, நான்தான் பிடிச்சு அமத்தினனான்."

அந்தப் பன்னிரண்டு நாளும் திகதி மாறிக்கொண்டிருந்தது. ஆள் சுகமாக இருக்கிறான் என்று நாங்களும் இருந்தோம்.

"பாஸ்வேர்ட் அறைச்சுவரிலை எழுதிக்கிடக்குதே, ஆஞ்சநேயருக்குக் கீழை. ஆறு வருசமா நீங்கள் காணேல்லையே?"

கண்டிருக்கிறேன். ஆங்கில எழுத்தும் இலக்கமுமாக இருந்ததை ஏதோ மந்திர யந்திரம் என்று நினைத்துக் கும்பிட்டும் இருக்கிறேன்.

செத்தவீடு முடிந்த மறுநாளே யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் வேலை செய்யும் ஒரு பெண்பிள்ளையிடம் பக்கத்தைக் காட்டினேன். "அங்கிள், இதுக்கு ஒரு வரி போதும். பிறகு தானா மாறும்" என்றது. ஆறு வருடம் ஒரு மனிதன் விரலால் செய்த வேலை ஒரு வரிதானாம். சந்தோசமாகக் கோப்பாய்க்குப் போய் அக்காவிடம் சொன்னேன்.

"தானா மாறுமோ? அப்ப நான் செத்தாப் பிறகும் அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா எண்டு மாறிக்கொண்டிருக்குமோ?"

"ஓம்."

"அது பொய்யெல்லோ, தம்பி. என்ரை பிள்ளைக்குப் பொய் சொல்லக்கூடாது."

இப்போது அந்த வேலை என்னுடையது. மறுநாள் கண்ணாடியைத் தேடி, ஆஞ்சநேயருக்குக் கீழே கிடந்ததை எழுத்தெண்ணி அடித்து, மூன்று தரம் பிழைவிட்டு, ஒருவழியாகத் திகதியை மாற்றினேன். வாழ்க்கையில் முதல்தடவையாக உருப்படியாக ஒன்று செய்த பெருமையோடு இருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"இப்பதான் மாத்தினனியோ? பத்து மணியாகுது. லோடிங் எண்டால் ஆறரைக்கே மாத்திப்போடுவான்."