பதில் இன்னும் வரல

செஞ்சிக் கோட்டையை எத்தனையோ படைகள் வந்து பிடித்திருக்கின்றன. எங்கள் ஆபீஸில் ‘வரலன்னா’ என்று நாங்கள் கூப்பிடும் மனிதரை ‘மத்ததெல்லாம்’ என்ற ஒரு வரியை எழுத வைக்க மட்டும் எவராலும் முடிந்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ். புரோகிராமின் உள்வேலை ஒரு மொழியில், வாடிக்கையாளர் பார்க்கும் மேல்வேலை இன்னொரு மொழியில். இரண்டுக்கும் நடுவே பாலம் கட்டுவது எங்கள் பிழைப்பு. உள்ளே எந்தக் கோளாறு நடந்தாலும், பாலம் தாண்டும்போது ‘ஏதோ தவறு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பிவிடுவோம். உள்ளேயிருந்து வரக்கூடிய பதில்களில் நாலைந்தை எழுதி, கடைசியில் ‘மத்ததெல்லாம்’ என்று ஒரு வரி போட்டால் வீட்டுக்குக் கிளம்பலாம். வரலன்னா கிளம்ப விடமாட்டார்.

“ஃபைல் வரலன்னா? வந்து, காலியா இருந்துச்சுன்னா? ரெண்டும் ஒண்ணா? தனித்தனியா எழுதுய்யா!”

இதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்காவது ஞாபகம் இருந்தால் சரி.

ஒருநாள் டீக்கடைக்காரர் “டீ இல்ல” என்றார்.

“பால் இல்லியா, கேஸ் இல்லியா, போட மனசில்லியா? எதுன்னு சொல்லு.”

“மனசில்ல.”

வரலன்னா பரம திருப்தியோடு திரும்பி வந்தார்.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் என் தங்கை சுகந்தியைக் கட்டிக்கொடுக்க ஆசைப்பட்டேன். தொண்டூரில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார். கேசரி, பஜ்ஜி ஆனதும் நைனா, “மாப்ளய புடிச்சிருக்குதாம்மா?” என்று கேட்டார். சுகந்தி தலைகுனிந்து நின்றாள்.

“வெக்கப்படுது. புடிச்சிருக்குது!” என்று நைனாவே சொல்லிவிட்டுத் தாம்பூலத் தட்டை எடுத்தார்.

வரலன்னா கையை நீட்டித் தடுத்தார். “மாமா, பதில் இன்னும் வரல.”

“பேசலன்னா சம்மதம்தான் தம்பி.”

“அது நீங்களா போட்டுக்கறது. சரின்றது ஒண்ணு, வேணான்றது ஒண்ணு. பதிலே வராதது வேற. அத இன்னாத்துக்கு சரியில சேக்கறீங்க?”

எனக்கு மானமே போய்விட்டது. அவரோ சுகந்தியைப் பார்த்து, “எதுவா இருந்தாலும் வாங்கிக்கறேம்மா, சொல்லு” என்றார்.

அவள் நிமிர்ந்தாள். “இப்ப கல்யாணம் வேணாங்க. சென்னைல வேல கெடச்சிருக்குது. நைனாவாண்ட சொல்ல பயமா இருந்துச்சு.”

நைனாவின் முகம் சிவந்தது. வரலன்னாவின் முகமோ மலர்ந்தது. “பாத்தியாய்யா, காரணத்தோட வந்துச்சு!” என்று என் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு நைனாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த வேலையின் அருமை பெருமைகளைப் பேசி, அவர் தலையாட்டிய பிறகே எழுந்தார். இடையில் இன்னொரு தட்டு கேசரியும் காலி.

சுகந்தி இன்று சென்னையில் சந்தோஷமாக வேலை பார்க்கிறாள். அவருக்கும், வாய்விட்டுச் ‘சரி’ சொன்ன ஒரு பெண்ணோடு கல்யாணமாகிவிட்டது. எனக்குத்தான் அவரை மச்சான் என்று கூப்பிடக் கொடுத்துவைக்கவில்லை. ஆனாலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். எதற்கும் காரணம் கேட்கிற மனிதர், அதற்கு மட்டும் இதுவரை கேட்டதில்லை.