குழாய் ஸ்பீக்கர் வைத்தது யார்?

ராஜபாளையம்

பாசமுள்ள வன்னியம்பட்டி அத்தான் அவர்களுக்கு, மச்சினன் கண்ணுச்சாமி கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், என் சர்க்கரை, வீட்டுக்காரியின் முழங்கால் வலி எல்லாரும் சுகம். அக்காவும் நீங்களும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன்.

அத்தான், ஒரு சங்கடம். மில் வேலை முடிந்தபின் மகன் விமல் கையை எதிர்பார்க்கக் கூடாதென்று ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வேலை கேட்டேன். போலீஸ் சான்றிதழ் இருந்தால்தான் வேலை என்றார்கள். ஸ்டேஷனில் கம்ப்யூட்டரைத் தட்டியதும் நம் பாண்டிசெல்வியின் சடங்கு எழுந்து வந்துவிட்டது. உங்கள் மகள் பெரியவளான விசேஷத்தில் அனுமதியில்லாமல் குழாய் ஸ்பீக்கர் வைத்தேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நானே ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய பழைய கேஸ்.

வக்கீல் கௌதம்ராஜிடம் ஓடி, வைத்தது நான் இல்லை என்றேன். "தானா ஒப்புக்கிட்டவருக்கு அப்பீல் கெடையாது. அபராதம் கூடுதல்னு வேணா சொல்லலாம். நீங்க வைக்கவே இல்லன்னா சீராய்வு மனு போட்டுப் பாக்கலாம். வைக்காத செட்ட வச்சேன்னு ஏன் சொன்னீங்க?" என்றார். நடந்ததைச் சொன்னேன். தாய்மாமன் சீரில் மைக்செட் என் பொறுப்பு. அந்த மாதம் பார்த்து மில்லைக் கொஞ்ச நாள் மூடிவிட்டார்கள், கையில் காசில்லை. நீங்கள் அக்காவுக்குக்கூடத் தெரியாமல் உங்கள் காசில் செட்டுக்காரரைக் கூட்டி வந்து, "மச்சினன் வச்ச செட்டு" என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். வேப்பமரத்தில் இரண்டு குழாய். மம்சாபுரம் வரை பாட்டுக் கேட்டதாம். செல்வி வெட்கப்பட்டுக்கொண்டே அதிரசம் தின்றதும், நீங்கள் மரத்தடியில் நின்று தலையாட்டியதும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்படி ஒரு சந்தோஷம் பிறகு எனக்கு வரவேயில்லை அத்தான். போலீஸ் வந்தபோது ஊர் சொன்னது என் பெயரைத்தான். கோர்ட்டில் ஜட்ஜ் அய்யா, "கேஸ் நடத்துறீங்களா, ஒத்துக்கிறீங்களா?" என்று நிதானமாகத்தான் கேட்டார். திரும்பிப் பார்த்தேன். உங்கள் பங்காளிகள் வேன் பிடித்து வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் இல்லை என்று சொன்னால், தாய்மாமன் ஒரு மைக்செட்கூட வைக்கவில்லை என்று ஆகிவிடாதா? "நாந்தாங்கய்யா வச்சேன். ரெண்டு குழாய்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன்.

"இத மனுவுல எப்படி எழுத?" என்று வக்கீல் தலையில் கைவைத்தார். ஆகவே, செட் வைத்தது நீங்கள்தான் என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இத்தனை வருடம் கழித்து உங்கள் மேல் கேஸ் வராதாம், விசாரித்துவிட்டேன்.

அக்காவுக்கு என் கும்பிடு. பேரப்பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளர ஆண்டாள் தாயார் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்
கண்ணுச்சாமி

பி.கு.: தபாலில் போடக் கிளம்பும்போது செல்வி போன் செய்தாள். "மாமா, எம்மவ பெரியவளாயிட்டா. மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லுதேன். எனக்குக் கூடப்பொறந்தவன் இல்லல்லா, எனக்கு வச்ச மாதிரியே நீங்கதான் செட்டு வைக்கணும். அப்பாட்ட கேக்கட்டா?" "ஏட்டி, அவிய எதுக்கு? நான் இருக்கம்லா" என்றுவிட்டேன். எனவே கையெழுத்து வேண்டாம். அன்றைக்குச் செட் வைத்தது நான்தான், கோர்ட்டே சொல்லியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். இந்தத் தடவையும் போலீஸ் வந்தால் என் பெயரையே சொல்லுங்கள். செட்டுக்காரரிடம் மட்டும், முன்போலவே, அக்காவுக்குத் தெரியாமல் நீங்கள் சொல்லி வைத்துவிடுங்கள்.