ஏழாம் குழியில் கிடந்த பந்து

அன்று ஹகோனே மலையூரில், ஏரிக்கரை ஹோட்டலின் கோல்ஃப் மைதானத்தில், ஏழாம் குழியருகே நின்றவர்கள் நால்வர். என் தம்பி தட்சுஹிகோ, அவன் மனைவி ஃபுமி, எங்கள் மட்டைகளைக் கவனித்துக்கொண்ட மைதானப் பணிப்பெண் முரோதா அம்மாள், அவன் அக்காவாகிய நான். ஐந்தாவதாக மூடுபனியையும் சேர்த்துக்கொள்கிறேன். நடந்ததில் அதற்கும் பங்குண்டு. மைதான மன்றத்தின் தலைவர் குரமோச்சி இரவு விருந்தில்தான் வந்து சேர்ந்தார். வேறு எவரேனும் தாமும் பார்த்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

திருமண நாளுக்கென்று ஃபுமி கேட்டது வெந்நீர் ஊற்றும் அமைதியும். தட்சுஹிகோ ஏற்பாடு செய்தது வெந்நீர் ஊற்றும் கோல்ஃபும். தம்பதியருக்கான சலுகையில் மனைவியும் ஆட வேண்டும் என்பது விதியாதலால், வாழ்நாளில் மட்டையைத் தொட்டறியாத ஃபுமியின் கையில் அவன் ஒன்றைத் திணித்தான். என்னை அழைத்ததற்குக் காரணம் பாசமன்று. நான் உடனிருந்தால் ஃபுமி குரலை உயர்த்த மாட்டாள் என்ற எண்ணம். ஃபுமி என்றுமே குரலை உயர்த்தியதில்லை. அவளிடம் அஞ்ச வேண்டியது அதற்குத்தான் என்பதை, இத்தனை காலம் குடும்பம் நடத்தியும் அவன் கற்கவில்லை.

என் தம்பிக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட வேண்டும். இயந்திரங்களுக்கு பேரிங் செய்யும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெற்ற நாள் வரை அவன் கண்ட கனவு அதுவே. அப்படிப் போட்டவர்களை மட்டுமே குரமோச்சி தம்மோடு ஆட அழைப்பார். ஆண்டுதோறும் கோடையில் அவருக்கு இவன் முலாம்பழம் அனுப்புவான். நன்றி வரும், அழைப்பு வராது.

ஆனால் எங்கள் நாட்டில் இந்த அதிர்ஷ்டம் ஓர் அபராதம். ஒரே அடியில் போட்டவன் நண்பர்களுக்கெல்லாம் விருந்து வைக்க வேண்டும். பெயர் பின்னிய துண்டு முதல் இனிப்புப் பெட்டி வரை பரிசளிக்க வேண்டும். மைதானத்தில் மரம் நட வேண்டும். மற்ற நாட்டினர் தீ விபத்துக்குக் காப்பீடு செய்வார்கள். நாங்கள் இதற்கும் செய்வோம். தட்சுஹிகோவும் செய்திருந்தான். "எனக்கெங்கே நடக்கப்போகுது" என்று சலித்துப்போய், சென்ற வசந்தத்தில்தான் அதை நிறுத்தினான்.

ஏழாம் குழிக்கு வந்தபோது பனி இறங்கி, கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. தம்பி அடித்தான். பந்து நேராகப் பனிக்குள் போயிற்று. ஃபுமி அடித்தாள். அவளுடையது பக்கவாட்டில் பாய்ந்து மூங்கிற்புதரைச் சலசலக்கச் செய்தது. நாங்கள் நடந்து போய்ப் பார்த்தால் புல்தரையில் ஒரு பந்தும் இல்லை.

"ஐயா! ஓடி வாங்க!" முரோதா அம்மாள் கொடிக்கம்பத்தருகே நின்று கையசைத்தாள். "குழிக்குள்ள கிடக்கு!"

தம்பி ஓடினான். குனிந்தான். பந்தை எடுத்துப் பார்த்தான். அவன் பந்துகளில் அடையாளத்துக்காக ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். ஃபுமிதான் தன் நகச்சாயத்தால் வைத்துக் கொடுப்பாள். புள்ளியைக் கண்டதும் அவன் முகத்தில் சூரியன் உதித்தது. கண்ணீர்கூட வந்தது. அடுத்த கணம், பழைய அலுவலகத் தோழர்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு அவன் மனத்துக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்து மடியில் துடைப்புத் துணியை விரித்திருக்க வேண்டும். சூரியன் அஸ்தமித்தது.

"ஃபுமி!" என்று கூவினான். "உன் பந்து! ஒரே அடியில போட்டுட்டே!"

"என்னோடதா? நான் அடிச்சது புதர்ல போய் விழுந்த சத்தம் கேட்டுச்சே."

"அது என்னோடது."

"உங்களது நேராத்தானே போச்சு, ஐயா?" என்றாள் முரோதா அம்மாள்.

"பனிக்குள்ள போய் வளைஞ்சிடுச்சு. பனியில அப்படித்தான் ஆகும். உங்களுக்குத் தெரியாததா?"

"இருபது வருஷமா இங்கதான் இருக்கேன். எனக்குத் தெரியாதுங்க."

ஃபுமி கையை நீட்டினாள். "பந்தைக் கொடுங்க, பாக்கலாம்."

தம்பியின் கை பந்தோடு சட்டைப்பைக்குள் சற்று நேரம் மும்முரமாக இருந்தது. பிறகு பந்து வெளியே வந்தது, தூய வெள்ளையாக. அவன் கட்டைவிரல் நகத்தின் அடியில் மட்டும் சிவப்பு. நான் பார்த்தேன். ஃபுமியும் பார்த்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை.

"புள்ளி இல்லையே," என்றாள்.

"உன் பந்துல ஏன் புள்ளி இருக்கும்?"

"அதானே."

அவளை ஓரமாக அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் விளக்கினான். என் செவி கூர்மையானது.

"இதோ பாரு. உனக்கு கோல்ஃப் ஆடுற சிநேகிதங்க யாராவது இருக்காங்களா? ஒருத்தரும் இல்ல. அப்ப யாருக்கு விருந்து? யாருக்கும் இல்ல. முரோதா அம்மாவுக்கு ஒரு இனிப்புப் பெட்டி, அதோட முடிஞ்சுது. பெருமையும் வீட்டை விட்டு வெளிய போகல."

"பெருமை கிடக்கட்டும். பந்து யாரோடது?"

"உன்னோடதுன்னு சொல்றேன்ல."

"உங்க அக்கா முன்னால சொல்லுங்க."

"அக்கா, ஃபுமியோடது."

"முரோதா அம்மா முன்னால?"

"ஃபுமியோடதுதாங்க! எத்தனை தடவை சொல்றது!"

"இத்தனை தடவை போதும்," என்றாள் ஃபுமி. "ஏத்துக்கறேன்."

தவறாக அடித்ததை வாழ்நாளில் ஒப்புக்கொண்டறியாத என் தம்பி, தான் அடிக்காத அடிக்குச் சொந்தம் கொண்டாடி மூங்கிற்புதருக்குள் இறங்கினான். உள்ளிருந்து மட்டை வீசும் ஒலி வந்துகொண்டே இருந்தது. பந்துக்கு முன்பாக ஒரு காடை வெளியே வந்தது.

பாதி ஆட்டம் முடிந்து மதிய உணவுக்கு உட்கார்ந்தபோது, ஹோட்டல் மேலாளர் மலர்க்கொத்தோடு நின்றார். முரோதா அம்மாள் முந்திக்கொண்டு போய்ச் சொல்லியிருந்தாள். அது அவள் கடமை.

"அம்மா, எந்த மரம் நடலாம்?"

"மக்னோலியா," என்றாள் ஃபுமி, ஆண்டுக்கணக்கில் யோசித்து வைத்திருந்தவள் போல. "அப்புறம் அடுத்த வாரம் உங்க பெரிய கூடத்தை எனக்கு ஒதுக்கி வைக்கணும். பிரெஞ்சு விருந்து. எந்த வகையும் குறையக் கூடாது."

தம்பி வாய்க்கு எடுத்த நூடுல்ஸ் கிண்ணத்திலேயே திரும்ப விழுந்தது. "யாருக்கு? உனக்குத்தான் சிநேகிதங்களே இல்லையே!"

"கோல்ஃப் சிநேகிதங்கதான் இல்ல. பாட்டுக் குழு இருக்கு. பூ அலங்கார வகுப்பு இருக்கு. பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவங்க இருக்காங்க. நம்ம தெரு மகளிர் சங்கம் இருக்கு. எல்லாருக்கும் போன்ல சொல்லிட்டேன். பஸ் வெச்சு வர்றாங்க."

"எப்பச் சொன்னே?"

"நீங்க புதருக்குள்ள இருந்தப்போ."

"ஃபுமி, இதெல்லாம் வேணாம்..."

"வழக்கத்தை மீறினா வந்த அதிர்ஷ்டம் போயிடும்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க? முதல் அதிர்ஷ்டத்தையே நான் அவமதிக்கலாமா?"

மாலையில் அவன் என் அறைக்கு வந்தான். வெந்நீரில் ஊறியும் முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, செலவு கிடக்கட்டும். அது என் பந்து. என் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவை. நீதான் பாத்தியே!"

"நான் பாத்தது பனி. கேட்டது நீ போட்ட கூச்சல்."

"உனக்கே தெரியும்!"

"எனக்குத் தெரிஞ்சதை யாரும் கேக்கல. நீ சொன்னதைத்தான் எல்லாரும் கேட்டாங்க. கோட்டைப் போட்டுக்கிட்டு வா, சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

இரவு விருந்து அந்த ஹோட்டலின் பெருமை. ஒவ்வொரு தட்டும் வரும்போது, அதில் இருப்பது எந்த மலையில் மேய்ந்தது, எந்த ஓடையில் நீந்தியது என்று பரிசாரகர் சரித்திரம் சொல்வார். சரித்திரம் நீளும், உணவு நீளாது. மான் இறைச்சியின் வம்சாவளி முடிந்த தருணத்தில் கூடம் அமைதியானது. குரமோச்சி கைத்தடியை ஊன்றி எங்கள் மேசைக்கு வந்துகொண்டிருந்தார். தம்பி துள்ளி எழுந்து இடுப்பு மடங்க வணங்கினான். அவர் அவனைக் கடந்து சென்று ஃபுமியை வணங்கினார்.

"அம்மா, நாளைக் காலையில எங்களோட ஆட வரணும். ஓர் இடம் காலியா இருக்கு."

அந்த ஓர் இடம்! எத்தனை கோடையின் முலாம்பழங்கள் அதற்காகப் பயணம் செய்திருந்தன! தம்பியால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, மன்னிக்கணும். அது... அது என் பந்து. நான் அடிச்சது. செலவுக்குப் பயந்து பொய் சொல்லிட்டேன்."

கூடமே திரும்பிப் பார்த்தது. உண்மை சொல்பவனின் முகம் அவனுக்கு அப்போதுதான் முதன்முறையாக வாய்த்திருந்தது; பழக்கமில்லாததால் அது யாரிடமும் எடுபடவில்லை. குரமோச்சி அவன் தோளைத் தட்டி, எங்கள் குடும்பப் பெயரைச் சொல்லி அழைத்தார்.

"ஹதகேயாமா, என் மனைவி என்னை ஜெயிச்ச அன்னிக்கு நானும் இப்படித்தான் என்னென்னவோ சொன்னேன். ராத்திரி தூங்கி எழுந்தா சரியாயிடும். உக்காருங்க."

அடுத்த மேசையில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார். குரமோச்சி மீண்டும் ஃபுமியின் பக்கம் திரும்பினார்.

"முதல் நாளே இப்படி ஓர் அடி! இந்தப் பெருமை யாரைச் சேரும்னு நினைக்கிறீங்க?"

ஃபுமி எழுந்து நின்றாள். மடித்த துடைப்புத் துணியை மேசைமேல் வைத்தாள். கணவனைக் கனிவோடு பார்த்தாள்.

"என் வீட்டுக்காரரைத்தான் சேரும். அவர் சொல்லலைன்னா, நான் அடிச்சதுன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது."

கூடம் முழுவதும் எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன்; மரியாதை என்று ஒன்று இருக்கிறது. தட்சுஹிகோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான். குரமோச்சியை வணங்கினான். பழக்கதோஷத்தால் பரிசாரகரையும் வணங்கினான். பிறகு கைதட்டலின் நடுவே நடந்து வெளியே போனான்.