கிழக்கே பார்க்காத சூரியகாந்தி

கொடைக்கானலில் மார்கழி மாதம் சூரியகாந்தி வளர்க்கிறவனுக்கு யாரும் பெண் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசி. பழனியிலிருந்து மலையேறி, கணவரை இழந்த ஒரு டீச்சரம்மாவின் பங்களாவில் தோட்ட வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கீழே ஊரில் விதைக்கிற ஞாபகத்தில் புரட்டாசியில் விதைத்துத் தொலைத்தேன். (அறிவு அவ்வளவுதான்.) செடிகள் என்னைவிட உயரமாக வளர்ந்து பூத்த நேரம் பார்த்து உறைபனியும் வந்து சேர்ந்தது. பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த ஒருவர் தன் மகளை எனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். தரகரிடம் நான், "மார்கழியிலயே பூக்க வச்சுக் காட்டுறேன்" என்று பீற்றியிருந்தேன். செடி கருகினால் சம்பந்தமும் கருகிவிடும்.

ஆகவே தினமும் பொழுது சாய்வதற்குள் செடிகளைக் கம்போடு கட்டி, மேலே சாக்கு போர்த்துவேன். சாக்கு போதாமல், டீச்சரம்மா காலமான கணவரின் கோட்டுகளை எடுத்துத் தந்தார். "அவருக்கும் பூன்னா உசுரு" என்றார். எனக்கு அந்தப் பேச்சு அப்போதே பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஏரிப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது. தலையில்லாத கோட்டுகள் வரிசையாக நின்றன. குளிருக்கு நானும் ஒரு சாக்கை முக்காடு போட்டிருந்தேன். காற்றே இல்லை. ஆனாலும் ஒரு கோட்டின் கை மெல்ல ஆடியது. பூத்த சூரியகாந்தி கிழக்கைத்தான் பார்க்கும். வரிசைக் கடைசியில், நான் நட்ட ஞாபகமே இல்லாத ஒன்று, தலையோடு போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்து நின்றது.

கட்டு அவிழ்ந்து திரும்பிவிட்டது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். கிட்டே போய்த் தோளைப் பிடித்துக் கிழக்கே திருப்பினேன். சொன்னபடி திரும்பியது. பக்கத்துக் கம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டி, முடிச்சும் போட்டேன். அப்போதுதான் கையில் சூடு தட்டியது. உள்ளே ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது.

"முருகா..." என்றது செடி.

நான் போட்ட அலறலோடு சமையலறைக்குள் பாய்ந்து, விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்தேன். வெளியே ஒரு குரல் நடுங்கியது. "யாராச்சும் வெரசா வாங்களேன்... பேய் என்னையக் கட்டிப் போட்டுட்டு ஓடிருச்சு!"

டீச்சரம்மா அரிக்கேன் விளக்கோடு போய் அவிழ்த்துக் கூட்டிவந்தார். வந்தவர் பஞ்சாமிர்தக் கடைக்காரரேதான். மார்கழியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது, சும்மா ஆளைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறியிருக்கிறார். தோட்டத்தில் கோட்டுகளைப் பார்த்ததும் மூச்சடக்கி நின்றுவிட்டார். அதில் ஒன்று சாக்கு முக்காட்டோடு நடந்து வந்து தோளைப் பிடித்தால் மனுசன் என்ன செய்வார்? (அந்தக் கை ஏன் ஆடியது என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.)

"இங்க தோட்டத்துச் சோலி பாக்குறது யாருங்க?" என்று கேட்டார், பல் தந்தியடிக்க.

டீச்சரம்மா விறகுக் குவியலைக் காட்டினார். கல்யாணம் போச்சு என்று எழுந்து நின்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் என்னையும் தன் மணிக்கட்டில் கயிறு பதிந்த தடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பயந்த ஆளுதான். ஆனா முடிச்சு கெட்டியாப் போடுறீங்க" என்றார்.

தையில் கல்யாணம். தாலியைக் கையில் எடுத்தபோது கெட்டிமேளத்தையும் மீறி மாமனார் குரல் கேட்டது. "மாப்ளே, மூணு முடிச்சையும் போட்டுட்டு ஓடிராதீங்க!"

இன்றைக்கும் வீட்டில் ஒரு பொட்டலம் கட்ட நான் கயிற்றை எடுத்தால் போதும், என் மனைவி கிழக்கே திரும்பி ஆடாமல் அசையாமல் நின்றுகொள்கிறாள்.