சாதிக்குக்கு ஏற்ற எடிட்டர்

இனி ஒரு கோளாறும் நினைவை விட்டுத் தப்பக் கூடாது என்று சாதிக் முடிவு கட்டினான். பழவேற்காட்டில் படகு எஞ்சின் என்றால் சாதிக்தான். போன மாசம் சரிசெய்ததை இந்த மாசம் மறந்துவிட்டு முதலிலிருந்து கழற்றுவதும் அதே சாதிக்தான். எல்லாவற்றையும் போனில் எழுதிவைத்துவிட்டால்?

எதில் எழுதுவது என்பதில்தான் வந்தது வினை. ஒரு ஆப்பில் எழுத்து அழகு, தேடினால் கிடைக்காது. இன்னொன்றில் தேடலாம், தமிழில் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடும். பெரிய ஆளெல்லாம் இதில்தான் எழுதுகிறார்கள் என்று எவனோ வீடியோவில் சொல்ல, கறுப்புத் திரையில் எழுதும் எடிட்டர் ஆப் ஒன்றை இறக்கினான். அதிலிருந்து வெளியே வர வழி தெரியாமல் போனையே அணைத்தான்.

சாப்பிடும்போது மனைவி தஸ்லீமாவிடம் அன்றைய எஞ்சின் கதையைச் சோறு ஆறும்வரை சொல்வான். எழுத மட்டும் மாட்டான்.

"இன்னாங்க, எழுதிட்டீங்களா?"

"எடிட்டர் செட் ஆவட்டும்."

"வூடு கட்றவன்கூட இத்தினி நாள் மனை பார்க்க மாட்டான்."

அப்போதுதான் தோணிரேவு மீனவர் வடிவேலு, வீட்டு வாசலிலேயே இருந்த ஒர்க்ஷாப்பில் எஞ்சினோடு வந்து இறங்கினார்.

"பாய், கொஞ்ச தூரம் ஓடி நின்னுடுது. நாளைக்கு என் பாடு!"

ஏரியில் யார் என்றைக்கு எங்கே வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதுதான் பாடு. நாளையைத் தவறவிட்டால், அடுத்த முறை வரும்வரை வடிவேலு வீட்டு வலை காயும்; உலையும் காயும்.

சாதிக் கார்புரேட்டரைக் கழற்றினான். பிளக்கை மாற்றினான். ஓடியது, நின்றது.

"இதே கோளாறை முன்னாடியே பார்த்திருக்கேன் அண்ணே. இன்னா செஞ்சேன்னுதான்..."

போனைத் துழாவினான். எல்லா ஆப்பிலும் ஒரே குறிப்புதான் இருந்தது: 'சோதனை, சோதனை.'

தஸ்லீமா டீயோடு வந்தாள். "பெட்ரோல் பைப்பை மாத்திப் பாருங்க. வெளிய நல்லாத்தான் இருக்கும். உள்தோல் உரிஞ்சி அடைச்சிக்கும்."

மாற்றினான். அப்புறம் எஞ்சின் நிற்கவேயில்லை. வடிவேலு முகமெல்லாம் பல்லாகக் கிளம்பினார்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்க சொன்னதுதான். அன்னன்னிக்கே டைப் பண்ணி வாட்ஸ்அப்புல போட்டுக்கினு வர்றேனே."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்!"

உப்பு, புளி, வெங்காயம் என்று ஓயாமல் 'டிங்' அடிக்கிறதே என்று அவள் நம்பரை அவன் எப்போதோ ஊமையாக்கியிருந்தான். அதைச் சொன்னால் ராத்திரிச் சோறு நிச்சயமில்லை.

"ஆங்... பார்த்தேனே. நல்லா எழுதறே."

"எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"ஒரு வரி விடல."

"நேத்து போட்டதையுமா?"

"அதைத்தான் ரெண்டு தபா படிச்சேன்."

"அப்பாடா! பதிலே காணோமேனு பார்த்தேன். அப்ப உங்களுக்குச் சம்மதந்தான்."

எதற்குச் சம்மதம் என்று கேட்டால் குட்டு உடைந்துவிடும். திரும்பி நின்று, திருட்டுத்தனமாகப் போனைத் திறந்தான். 'என் தங்கச்சி மலீஹா தையல் கடை போட ஒர்க்ஷாப் முன்பக்கத்தைத் தரலாமா? ஆவாதுன்னா இன்னிக்கே சொல்லுங்க, நாளைக்கு மெஷினோட வந்துடுவா.'

அவன் படித்து முடிக்கவும் வாசலில் ஆட்டோ நிற்கவும் சரியாக இருந்தது. தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து மலீஹா எட்டிப் பார்த்தாள்.

"மச்சான், இன்னும் எஞ்சினையெல்லாம் பின்னாடி தள்ளலியா?"