வண்டி கொடுக்காதவளுக்கு வள்ளல் பட்டம்

பெரம்பலூர் காலேஜில் பாடம் நடத்தும் ராஜராஜன் சாருக்கு, செந்துறைப் பக்கத்திலிருந்து கொளஞ்சி கும்பிட்டு எழுதுவது. நீங்களும் ஹேமலதா அம்மாவும் நன்றாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன், முட்டிதான் இல்லை.

நான் பாடிய பொன்னாயி கதையைப் புத்தகமாகப் போட்டு அனுப்பினீர்கள், சந்தோஷம். என் வயது எண்பத்து மூன்று என்று போட்டிருக்கிறீர்கள், எழுபத்தெட்டுதான், அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போது தலை போகிற காரியம் வேறு. நிறைமாதக்காரி பொன்னாயி தாய்வீடு போக ஓரகத்தியிடம் வண்டி கேட்கிறாள். அந்தப் பாவி மாட்டை அவிழ்த்து ஓட்டிவிட்டு, "ஏறிக்க தாயி, வண்டி ஒனக்காகத்தான் நிக்குது" என்கிறாள். இவள் வெயிலில் நடந்து, முந்திரிக்காட்டில் பிள்ளையைப் பெற்றுப் போட்டுச் செத்துச் சாமியானாள். அந்தப் பிள்ளை வழிதான் நாங்கள். கோயிலில் முதல் பரிவட்டம் அதனால்தான் எங்களுக்கு.

மாடு அவிழ்த்த சேதி பாட்டில் கிடையாது சார். அது குரலில் இருக்கிறது. முகவாயைத் தோளில் இடித்து, "தாயீ" என்று நான் ஒரு இழுப்பு இழுத்தால், மாடில்லாத வண்டி கண் முன்னால் வந்து நிற்கும். நீங்கள் குரலை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் அச்சுப் போட்டீர்கள்.

அந்த ஓரகத்தி வம்சத்துச் செல்லக்கண்ணு, அந்த அடி வந்தாலே டீக்கடைக்கு எழுந்து போகிறவன், தன் அக்கா கல்யாணத்தில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காதவன், இப்போது பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டியிருக்கிறான்: வண்டி தந்த வள்ளலின் வாரிசுகள். கோயில் கூட்டத்தில் உங்கள் புத்தகத்தைத் தூக்கிக்காட்டி, "எங்க பாட்டி வண்டி குடுத்திருக்கு, உங்க பாட்டி வீம்புக்கு நடந்திருக்கு. இனிமே மொத பரிவட்டம் எங்க வூட்டுக்குத்தான்" என்கிறான்.

"அடேய், அவ நக்கலா சொன்னதுடா."

"நக்கல்னு எங்க போட்டிருக்கு? பக்கத்தக் காட்டுங்க பெரியம்மா."

நான் பாடியதை உங்கள் செல்போனில் பதிந்தீர்களே, அதுவும் அழிந்துபோனதாமே. சரி என்று நானே எழுந்து பாடினேன். அன்றைக்கென்று மருமகள் சுமதி என் பல்செட்டை ஊறப்போட்டிருந்தாள். பொக்கை வாயில் நக்கல் எங்கே வரும்? குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி வந்தது. "ஆகா, என்ன பாசம்!" என்று கூட்டமே உருகிப்போச்சு. உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே அடுத்த பதிப்பில் அந்த அடிக்குப் பக்கத்தில் "முகவாயைத் தோளில் இடித்தபடி" என்று போடுங்கள். போனில் கேட்டால், "பாட்டுல இல்லாததச் சேக்கக் கூடாதும்மா" என்கிறீர்கள். நான் வாயால் சேர்த்ததைக் கழித்தது யார் சார்? திருவிழாவுக்குள் மாற்றாவிட்டால் என் மகன் அசோக் தலையில் கட்டுகிற துணி செல்லக்கண்ணு தலைக்குப் போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சாமி கும்பிடுவது?

பொன்னாயி உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொளஞ்சி (வயது 78)

பி.கு. கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் செல்லக்கண்ணு வாசலில் வந்து நின்றான். "இந்த வருசமும் அசோக்குக்கே கட்டட்டும் பெரியம்மா, எங்களுக்கு எதுக்கு மருவாதி" என்றான். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன், நக்கல் குரலா நிஜக் குரலா என்று பிடிபடவில்லை. கடைசியில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எழுத்தில் தங்கமான பிள்ளையாகத்தான் தெரிகிறான். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் சார், புத்தகத்தில் கை வைக்காதீர்கள்.